காரணம் என்ற கட்டம்

1

போன வாரம் சென்னையிலிருந்து என் மகள் கயல் போன் செய்தாள். லீவு கேட்பதற்குக் கல்லூரியில் புதிதாகக் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்களாம். அதில் ஒரு கட்டத்தை நிரப்பாவிட்டால் இருந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்கிறதாம். "யாருப்பா இப்படியெல்லாம் பண்ணி வைக்கிறாங்க?" என்று எரிச்சலோடு கேட்டாள்.

நான் சிரித்துச் சமாளித்தேன். கல்கத்தாவில் எங்கள் ஆபீசுக்கு அப்படிப் பண்ணி வைத்த புண்ணியவான் நான்தான். அந்தக் கட்டத்தில் ஒருமுறை என் குடும்பமே மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. அது கயலுக்குப் பாதிதான் தெரியும்.

இந்தத் துர்கா பூஜை வந்தால் நான் கல்கத்தாவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. மதுரைப் பக்கம் போனால் இன்னமும் "எப்ப இங்கிட்டு வர்றதா உத்தேசம்?" என்று விசாரிக்கிறார்கள். இதை எழுதிப் போட்டால் கேட்பதை நிறுத்துவார்கள் என்று ஒரு நப்பாசை.

2

தொண்ணூற்று மூன்றில் என்னைச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து இங்கே மாற்றினார்கள். கப்பல் சரக்குகளுக்குக் காகிதவேலை பார்க்கும் கம்பெனி. கிளை அலுவலகம் கிடர்பூரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். வீடு டாக்குரியாவில், கம்பெனி வாடகைக்கு எடுத்துக்கொடுத்த இரண்டாம் மாடி. மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சொன்னவர் ரிட்டயராகிப் போய்விட்டார்.

சென்னை ஆபீசில் இருந்தபோது எங்கள் எல்லோருடைய லீவு கடிதமும் ஒரே மாதிரிதான் இருக்கும். 'ஊருக்குப் போக வேண்டியிருப்பதால்.' எந்த ஊர், எதற்காக என்று யாரும் கேட்டதில்லை. இங்கே வந்த புதிதில் அதையே இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தேன். மேனேஜர் சன்யால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஊருக்குன்னா? இப்ப நீங்க எங்கே இருக்கீங்க, காட்டிலயா?" என்று கேட்டார். அன்றிலிருந்து 'மதுரைக்கு' என்று விவரமாக எழுதினேன்.

என் மனைவி மீனாவுக்கு இந்த நகரத்தோடு முதலில் ஒத்துப்போகவில்லை. மழை, புழுக்கம், மீன் சந்தையைத் தாண்டிப் போகவேண்டிய காய்கறிக் கடை, இட்லி மாவு பொங்காத ஜனவரி என்று புகார்ப் பட்டியல் நீளம். மாதம் ஒருமுறையாவது, "அடுத்த வருஷம் மதுரைக்கோ மெட்ராசுக்கோ போயிரணுங்க, சொல்லிப்புட்டேன்" என்பாள். நானும் தலையாட்டுவேன்.

கயலுக்கு அந்தப் புகார் எதுவும் கிடையாது. மூன்று வயதில் வந்தவள். தெருவில் எல்லோருக்கும் அவள் 'கோயல்'. கீழ்வீட்டு ரீனா காக்கிமா வீட்டில்தான் பாதி நாள் சாப்பாடு. காக்கிமா என்றால் சித்தி. சண்டை போட்டால் வங்காளத்தில்தான் போடுவாள். கனவுகூட அதில்தான் கண்டாள் என்று நினைக்கிறேன், தூக்கத்தில் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

அவளுக்குப் பதினொரு வயதானபோது மதுரையில் இருக்கும் தாய்மாமாவுக்குப் பொங்கல் வாழ்த்து எழுதினாள். வார்த்தையெல்லாம் தமிழ், எழுத்தெல்லாம் வங்காளம். மைத்துனர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நகைக்கடைத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் வங்காளி ஆசாரி ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனார். ஆசாரி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார், ஒன்றும் புரியவில்லை. மைத்துனருக்கு ஓர் எழுத்தும் தெரியாது, கேட்டு எல்லாம் புரிந்துகொண்டார். இதைப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு வலித்தது.

3

கதை நடந்தது அதற்கு அடுத்த வருடம். தலைமை அலுவலகம் ஒர்க்ஃப்ளோ என்று ஒரு மென்பொருளை வாங்கி அனுப்பியது. ஆபீசில் கம்ப்யூட்டரைத் தட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என் தலையில் கட்டினார்கள்.

சங்கதி இதுதான். ஒரு விண்ணப்பம் எங்கே கிளம்பி, யார் யார் மேசையில் நின்று, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும். திரையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஓர் 'ஆக்‌ஷன்'. கடிதம் அனுப்பு என்பது ஓர் ஆக்‌ஷன், காத்திரு என்பது ஓர் ஆக்‌ஷன், நினைவூட்டு, அச்சடி, மேலிடத்துக்குத் தள்ளு என்று எல்லாமே அப்படித்தான். ஓரத்துப் பட்டியலிலிருந்து மவுஸால் இழுத்து வந்து நடுவில் போட்டால் ஆக்‌ஷன் சேர்ந்துவிடும். ஒரு நிமிட வேலை. தலைவலி அதற்கப்புறம்தான். கட்டத்தைத் திறந்தால் கேள்வி கேள்வியாக விழும். யாருக்கு? எப்போது? எத்தனை நாள் பொறுப்பது? அதற்குள் பதில் வராவிட்டால் என்ன செய்வது?

கடைசிக் கேள்விக்கு எங்கள் ஆபீசில் ஒரே பதில்தான் உண்டு. 'தேக்கா ஜாபே.' பார்க்கலாம் என்று அர்த்தம். அது பட்டியலில் இல்லை.

ஊழியர் விவகாரங்களைக் கவனித்த தபன்தாவைக் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அமைத்தேன். தா என்றால் அண்ணன், என்னைவிட நாலு வயது மூத்தவர். முதல் நாளே, எல்லோரையும்போல என் பெயரின் 'சு'வை 'ஷு' ஆக்கி, ரகசியக் குரலில் எச்சரித்தார். "ஷுந்தரம், பதினொண்ணேகால் டீக்கு முன்னாடி சாகேபுக்கு எதையும் காட்டிடாதே. டீ உள்ளே போகலைன்னா எல்லாத்துக்கும் 'முடியாது'ன்னு போட்டுடுவார்."

நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு சங்கிலியிலும் சன்யாலுக்கு முன்னால் ஒரு 'காத்திரு' சேர்த்து, பதினொன்று இருபது என்று நேரம் குறித்தேன். இரண்டே வாரத்தில் சென்னையிலிருந்து கேட்டார்கள், கல்கத்தாவில் மட்டும் ஏன் எல்லாக் காகிதமும் பதினொன்று இருபதுக்கு மேல் நகர்கிறது என்று. சர்வர் சூடாக நேரம் எடுக்கிறது என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு விஷயங்களில் தலைமை அலுவலகம் கறாராக இருந்தது. காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் எந்த விண்ணப்பமும் நகரக் கூடாது. இடமாற்ற விண்ணப்பத்துக்கு மேனேஜர் ஏழு வேலை நாளில் பதில் சொல்லாவிட்டால் ஒப்புதல் தந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். சன்யால் காகிதத்தை அடைகாப்பவர் என்ற புகழ் சென்னைவரை பரவியிருந்தது.

ஒப்புதல் கிடைத்ததும் நடக்க வேண்டியவற்றை நானே ரசித்து ரசித்துச் சேர்த்தேன். பணிவிடுவிப்புக் கடிதம் அச்சாகும். வீட்டுக்காரருக்குக் காலிசெய்யும் கடிதம் அச்சாகும். கேன்டீன் கூப்பன் நிற்கும். அன்று மாலை ஐந்தரைக்குக் கப்பல் காகிதங்களோடு சேர்ந்து விவரம் டெலிபோன் வழியே சென்னைக்குப் பறக்கும். ஒருமுறை ஒப்புதல் ஆனதை யாரும், நான்கூட, அழிக்க முடியாதபடி பூட்டும் போட்டேன். ஆடிட்டர் பாராட்டினார்.

4

ஓட்டிப் பார்க்க மாதிரி விண்ணப்பங்கள் வேண்டும். இருபது தயாரித்தேன். லீவு, முன்பணம், கண்ணாடிச் செலவு என்று பலதரப்பட்டவை. இடமாற்றத்துக்கு ஒன்று தேவைப்பட்டது. அடுத்தவர் பெயரைப் போட்டு வம்பில் மாட்டுவானேன் என்று என் பெயரைப் போட்டேன். எங்கே? சென்னை. காரணம்?

மற்ற பத்தொன்பதுக்கும் 'சோதனை' என்றுதான் அடித்தேன். இதற்கு மட்டும் கை நிற்கவில்லை. 'என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் எழுதத் தெரியாது. பேசுவதும் குறைந்துவருகிறது. இன்னும் சில வருடங்களில் அவளிடம் என் மொழியில் பேச முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.' நாலு வரி, இங்கிலீஷில். பொத்தானை அழுத்தினேன்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், சதுர்த்தியன்று, சோதனையை முடித்து நிஜமாகவே ஓட விடச் சொல்லிச் சென்னையிலிருந்து நெருக்கினார்கள். மாதிரி விண்ணப்பங்களை அழித்தேன். பத்தொன்பதை அழித்தேன். ஒன்றை மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

அடுத்தது விடுமுறைப் பட்டியல். வேலை நாளை எண்ண அது வேண்டும். சென்னையிலிருந்து வந்த பட்டியலை அப்படியே ஏற்றினேன். ஆயுத பூஜை ஒரு நாள், விஜயதசமி ஒரு நாள். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்குச் சரஸ்வதி பூஜை லீவு அவ்வளவுதானே. ஒன்பது வருடம் இங்கே வாழ்ந்தும், எங்கள் ஆபீஸ் சஷ்டியில் பூட்டினால் லட்சுமி பூஜை முடிந்துதான் திறக்கும் என்பது என் விரலுக்கு உறைக்கவில்லை. கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பெருமையாகப் பூட்டிக்கொண்டு போனேன்.

5

அந்த வருடப் பூஜை வழக்கம்போல அமர்க்களம். அஷ்டமி காலையில் எங்கள் தெருப் பந்தலில் எல்லோருக்கும் அரிசியும் பருப்பும் சேர்த்த கிச்சடிப் பிரசாதம் போடுவார்கள். சமையற்காரர் வரவில்லை. ரீனா காக்கிமா மாடியேறி வந்து மீனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மீனா தன் பழக்கத்தில் நெய்யில் மிளகும் முந்திரியும் வறுத்துக் கொட்டிவிட்டாள். கிட்டத்தட்ட வெண்பொங்கல். முதலில் முகத்தைச் சுளித்த கிழவர்கள் இரண்டாவது தடவை இலையை நீட்டினார்கள்.

கயல் அன்று மேடையில் வங்காளக் கவிதை ஒன்றைச் சொன்னாள். கைதட்டல் அடங்கவில்லை. "என்ன சொன்னா?" என்று மீனா கேட்டாள். முக்கால்வாசி புரிந்தது, மொழிபெயர்க்கத் தெரியவில்லை. பெருமையாகவும் இருந்தது, பெண் ஒரு படகில் ஏறி நான் கரையில் நிற்பது போலவும் இருந்தது.

6

லட்சுமி பூஜைக்கு மறுநாள் ஆபீஸ் திறந்தது. ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து 'ஷுபோ பிஜயா' என்று விஜயதசமி வாழ்த்துச் சொல்லி, சந்தேஷ் இனிப்பை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். தபன்தா மட்டும் பிரிண்டர் பக்கத்தில் தாள்களோடு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"ஷுந்தரம், நீ போறியா? எங்கிட்டகூடச் சொல்லலையே!"

வாங்கிப் பார்த்தேன். என் பணிவிடுவிப்புக் கடிதம். என் வீட்டுக்காரருக்குக் காலிசெய்யும் கடிதம். நாங்கள் பந்தலில் கிச்சடி தின்றுகொண்டிருந்த நாட்களையெல்லாம் கம்ப்யூட்டர் வேலை நாளாக எண்ணியிருக்கிறது. ஏழு நாள் கணக்கு அன்று காலையில் முடிந்ததும் சன்யால் சம்மதித்ததாக வைத்துக்கொண்டு, நான் சேர்த்த ஆக்‌ஷன்களையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து முடித்திருக்கிறது. இதுவரை நான் எழுதிய எதுவும் இவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை. பாக்கியிருந்தது ஒன்றுதான், மாலை ஐந்தரைக்குச் சென்னைக்குப் போவது. கப்பல் காகிதங்களும் அதே டெலிபோன் லைனில் போக வேண்டியிருந்ததால் அதைப் பிடுங்கவும் வழியில்லை. தபன்தாவின் டிராயரில் அந்தத் தாள்களைப் பூட்டிவைத்தோம்.

பத்தரைக்கே சன்யால் கூப்பிட்டார். டீக்கு முன்னால். அவர் கையில் என் நாலு வரி இருந்தது.

"ஒன்பது வருஷம், ஷுந்தரம் பாபு. போறதா இருந்தா நேரே வந்து சொல்லியிருக்கலாமே."

"சார், அது டெஸ்ட். அழிக்க மறந்துட்டேன்."

"மோஷாய், டெஸ்ட்டுக்கு யாரும் நாலு வரி எழுத மாட்டான்." மோஷாய் என்றால் ஐயா. காகிதத்தை மேசைமேல் மெதுவாக வைத்தார். "என் பையன் பெங்களூர்ல இருக்கான். இங்கிலீஷ்லதான் லெட்டர் போடறான். இதை நான் ரெண்டு தடவை படிச்சேன்."

நான் அந்தக் காகிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"வீட்ல கேளுங்க. போகணும்னா, மெஷின் போட்ட சம்மதத்துக்கு மேல நானும் பேனாவால ஒரு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வேண்டாம்னா ஐந்தரைக்குள்ள வாபஸ் வாங்குங்க."

அங்கேதான் இடித்தது. வாபஸ் வாங்குவதற்கு ஆக்‌ஷனே கிடையாது. சென்னைக்கு இடமாற்றம் கேட்ட ஒரு தமிழன் அதை வேண்டாம் என்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

7

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதைச் சேர்த்தேன். 'திரும்பப் பெறு.' யார் செய்யலாம்? விண்ணப்பித்தவர். யாரிடம் போகும்? மேனேஜரிடம். ஒப்புதல் ஆனபிறகும் செல்லுமா? செல்லும், மேனேஜர் சரி என்றால். அவசரத்தில் பழைய கட்டத்தை நகலெடுத்ததில் காரணமும் கட்டாயம் என்று ஒட்டிக்கொண்டு வந்தது. நாலே முக்காலுக்குக் கட்டம் தயார். அதற்குமேல் தள்ளிப்போட முடியாமல் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"மீனா, கோபப்படாதே. சென்னைக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் ஆயிருச்சு."

"நெசமாவா? யாரு கேட்டா?"

"நான்தான். கேட்டேன்னு சொல்ல முடியாது, சிஸ்டத்தைச் சோதிக்கிறதுக்காக..."

"கேட்டீங்களா, கேக்கலையா?"

"கேட்டேன்."

"என்ன காரணம் எழுதுனீங்க?"

படித்துக்காட்டினேன். முழுதும் கேட்டாள். அப்புறம், "இருங்க, அடுப்ப அணைச்சுட்டு வர்றேன்" என்றாள்.

ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பது வருடமாக அவள் கேட்டது இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிசம்பரில் சென்னையில் இருப்போம். அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, எனக்குப் போக விருப்பமில்லை என்று.

"வேணாங்க" என்றாள் மீனா. "வேணாம்னு போட்டுருங்க."

"ஒன்பது வருஷமா நீதானே..."

"சொன்னேன், இல்லைங்கல. தசமி அன்னைக்கு ரீனா அக்கா கேட்டாக, அடுத்த வருஷக் கிச்சடி என் பொறுப்புன்னு ஒத்துக்கிட்டேன். கமிட்டி நோட்டுல பேரு ஏத்தியாச்சு. முந்நூறு பேருக்கு. வாக்குக் குடுத்துப்புட்டு ரயில் ஏறச் சொல்றீங்களா?"

"அப்ப கயல்? அவ தமிழ்?"

"அது நாம உக்காந்து சொல்லிக் குடுக்கணுங்க. அதுக்கு எதுக்கு ஆபீஸ் ஆர்டர்?"

சுருக்கென்றது. போனை வைத்துவிட்டுக் காரணம் என்ற கட்டத்தில் அவள் சொன்னதையே இங்கிலீஷில் அடித்தேன். 'அடுத்த வருடப் பூஜைக்குத் தெருக் கிச்சடி சமைக்க என் மனைவி வாக்குக் கொடுத்துவிட்டார்.' அழுத்தினேன்.

அடைகாப்பவர் என்று பெயரெடுத்த சன்யால் ஒரு நிமிடத்தில் ஒப்புதல் போட்டார். ஐந்து மணி ஏழு நிமிடம். அறையிலிருந்து எழுந்துவந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்த மெஷின்ல இதுவரைக்கும் வந்ததுலயே உருப்படியான காரணம் இதுதான்." தபன்தா டிராயரைத் திறந்து வீட்டுக்காரர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். அடுத்த வருடம் சன்யால் பாலிகஞ்சிலிருந்து குடும்பத்தோடு வந்து, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக விடுமுறைப் பட்டியலைத் திருத்தினேன். சஷ்டியிலிருந்து லட்சுமி பூஜைவரை. சென்னையில் அதைப் பார்த்தவர்கள் தட்டச்சுப் பிழை என்று நினைத்து இரண்டுமுறை திருப்பி அனுப்பினார்கள்.

8

கயலுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மீனா சிலேட்டோடு உட்காருவாள். ஒழுங்காக நடந்தது என்று புளுக மாட்டேன். பாட்டு வகுப்பு வரும், டியூஷன் வரும், கிரிக்கெட் மேட்ச் வரும். 'ங'வரிசையை நாங்கள் தாண்டவே இல்லை. கடைசியில் போன வருடம் அவளே சென்னையில் கல்லூரியில் சேர்ந்து, பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகிக்கொண்டாள். இப்போது மாமாவுக்குத் தமிழ் எழுத்திலேயே கடிதம் போடுகிறாள். ஆசாரிக்குத்தான் வேலை போயிற்று.

போன வாரப் போன் அவள் லீவைப் பற்றித்தான். "அப்பா, இங்க பூஜைக்கு ரெண்டே ரெண்டு நாள்தான் விடறாங்க! அஷ்டமிக்குக்கூட கிளாஸ் இருக்கு. யாரு போட்ட லிஸ்ட்டோ! அம்மா கிச்சடிக்கு நான் வராம எப்படி?"

"லீவு போடு."

"அதான் போட்டுட்டு இருக்கேன். காரணம்னு ஒரு பாக்ஸ். காலியா விட்டா நகரமாட்டேங்குது. மத்த பொண்ணுங்க எல்லாம் என்ன போடுவாங்களோ, அதையே போட்டுட்டேன்."

"என்ன போட்டே?"

"ஊருக்குப் போறேன்னு." கொஞ்சம் தயங்கினாள். "சரிதானேப்பா?"

சரிதான் என்றேன்.